பச்சை மோதிரக்காரனுக்காக மூக்கால் அழுபவர்கள்

அமெரிக்கக் காமிக்ஸ் நாயகரான கிரீன் லான்டர்னைத் தன்பாலீர்ப்பாளராக மாற்றித் தங்கள் பால்யத்தையே பாழாக்கிவிட்டார்கள் என்று, 2012ஆம் ஆண்டுச் செய்தியை இன்று காலைதான் நடந்ததுபோல் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, முலுண்டில் ஏறியதும் மும்பை லோக்கல் ரயிலில் ஒப்பாரி வைக்கும் நம் தமிழ் அன்பர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருடைய பால்யம் ஐயா அது? நம் தலைமுறை முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்ததே தவிர, 1940இல் அமெரிக்காவில் பிறந்த முதல் கிரீன் லான்டர்னான ஆலன் ஸ்காட்டை இவர்களில் ஒருவரும் கண்ணால்கூடக் கண்டதில்லை. அண்ணாச்சி ஒருவர் கைப்பேசியை என் மூக்கருகே நீட்டி, "பாத்தியளா தம்பி, இவனப் போயி இப்படி ஆக்கிட்டானுவ" என்று காட்டிய படம் ஹால் ஜோர்டனுடையது. அவர் அதே பட்டப்பெயரோடு 1959இல் வந்த வேறு ஆள். ஆலனோ சிவப்புச் சட்டையும் பெரிய மேலங்கியுமாகத் திரிந்த, மரக்கட்டையிடம் மட்டும் தம் மந்திர மோதிரம் பலிக்காத பழைய நாயகர். இதைச் சொன்னால், "எல்லாம் ஒண்ணுதான" என்கிறார்.

கோபப்பட வேண்டிய இடங்கள் அந்த 2012 கதையில் இல்லாமல் இல்லை. காதலன் சாமிடம் மோதிரத்தை நீட்டித் திருமணத்துக்குக் கேட்க ஆலன் நினைத்திருந்த ரயில் பயணத்தில், அந்த ரயிலையே தகர்த்துச் சாமைச் சாகடித்தார்கள். ரயில் விபத்து பழைய கதையிலேயே உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலனின் காதலை அறிமுகப்படுத்திய கையோடு காதலனுக்குக் கொள்ளி வைக்க என்ன அவசரம்? அதைவிடக் கொடுமை, ஆலனை இளைஞராக மாற்றி எழுதியதில், அதற்கு முன்பே தன்பாலீர்ப்பாளராகக் காட்டப்பட்டிருந்த அவருடைய மகன் டாட், அந்தக் கதையுலகில் பிறக்காமலே போனார். ஒருவரைச் சேர்க்க ஒருவரை அழித்த இந்த அரைவேக்காட்டு வேலையைப் பற்றி நம்மவர் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

2021இல், இந்தக் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனத்தார் இதைச் சீர்செய்தார்கள். முதிய ஆலனே, வளர்ந்த தம் இரு பிள்ளைகளையும் எதிரே வைத்துக்கொண்டு, இத்தனை காலம் மறைத்ததைச் சொல்கிறார். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி, "ரெண்டு புள்ள பெத்தவனுக்கு இது எப்படிங்கேன்?" என்று மடக்கினார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து இத்தகைய உறவை உச்ச நீதிமன்றம் விடுவித்ததே 2018 செப்டம்பரில்தான். அதுவரை சட்டத்துக்கு அஞ்சியும், இன்றுவரை ஊர்வாய்க்கு அஞ்சியும், பெற்றோர் பார்த்து வைத்த பெண்ணுக்குத் தாலி கட்டிப் பிள்ளைகளும் பெற்று, உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஆண்கள் இந்த மும்பையில் எத்தனையோ பேர். தினமும் அதே பெட்டியில், நம் தோளோடு தோள் உரசி நின்றபடி, அந்தச் சிரிப்பில் தாமும் சேர்ந்து சிரித்தாக வேண்டிய நிலையில் இருப்பவர்களும் அவர்கள்தாம், அண்ணாச்சி.