ஒற்றன் ஓடக்கூடாது

ஸ்பை படம் என்றாலே கார் துரத்தல், கூரைமேல் சண்டை என்று கிளம்பிவிடுகிறார்கள். என் கணக்கில் ஒற்றன் ஓட ஆரம்பித்தால் அவன் வேலை கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

பின்தொடர்பவனைக் கழற்றிவிடும் காட்சியை எடுத்துக்குங்க. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலின் கதவு மூடும் கடைசி நொடியில் ஹீரோ வெளியே குதிப்பார், கைதட்டல் பறக்கும். ஆனால் சாதாரண ஆள் எவன் அப்படிக் குதிக்கிறான்? 'நான் பயிற்சி எடுத்தவன்' என்று தானே காட்டிக்கொடுத்த மாதிரி. தொழில் தெரிந்தவன் டோபி காட் நிலையத்தில் இறங்கி செருப்பு விலை கேட்பான், பஸ் ஏறி நூலகம் போவான், இரண்டு மணி நேரம் இப்படியே சுற்றுவான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காரணம் கையில் இருக்கும். சம்பந்தமில்லாத மூன்று இடங்களில் ஒரே ஆள் தென்பட்டால், சந்திப்பைக் கைவிட்டுக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பின்தொடர்பவர்கள் சட்டையை மாற்றுவார்கள், தொப்பியை மாற்றுவார்கள். ஷூவை மாற்ற நேரம் இருக்காது. கேமரா அங்கே இறங்கணும்.

பொருள் கைமாறும் காட்சி இன்னும் சுவையானது. பொருள் ஓரிடத்தில், 'வைத்தாயிற்று' என்ற அடையாளம் வேறிடத்தில். ரஷ்யாவுக்கு ரகசியம் விற்ற அமெரிக்க எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சன் 2001இல் பிடிபட்ட அன்று, பூங்காவின் பெயர்ப்பலகையில் வெள்ளை டேப் ஒட்டினார், பொட்டலத்தை நடைபாலத்துக்கு அடியில் வைத்தார். இதையே தேக்கா உணவங்காடியில் எடுத்தால்? மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் வைக்கலாம், எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இடம் 'சோப்' பண்ண, அதாவது மேசையைப் பிடித்து வைக்க, வேறொருவர் வைத்தாலும் அதே அடையாளம்தான். மேசை துடைக்கும் ஆன்ட்டி எடுத்துப் போட்டாலோ கதை கந்தல். அடையாளம் கண்ணை உறுத்தவும் கூடாது, தற்செயலாக நேரவும் கூடாது. திரைக்கதை எழுதுபவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான்.

அப்புறம், பத்துப் பேரை உட்காரவைத்துப் பெரிய திரையில் முழுத் திட்டத்தையும் விளக்கும் காட்சி. தயவுசெய்து வேண்டாம். ஒற்றரை ஒருவரையொருவர் அறியாமல் ஆளச் சொன்னவர் நம்ம வள்ளுவர்.

நல்ல கதை நம்ம ஊரிலேயே இருக்கு. 1943 செப்டம்பர் 26 இரவு, நேச நாட்டு வீரர்கள் ஆறு பேர் மூன்று மடக்குப் படகுகளில் வந்து, ஜப்பானியர் பிடியில் இருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களின் அடியில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாகின. இந்த ஆறு பேரையும் சேர்த்துக் குழுவின் 14 பேரும் பத்திரமாக ஆஸ்திரேலியா திரும்பினார்கள். படம் இங்கே முடிந்தால் வெறும் சாகசம். ஜப்பானிய ராணுவப் போலீஸோ, உள்ளூரில் யாரோ உளவு சொன்னதாக நம்பியது. அக்டோபர் 10 தொடங்கி 57 பேர் பிடிபட்டார்கள். 15 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக் கேன்டீன் நடத்திய எலிசபெத் சோய் ஏறக்குறைய 200 நாள் அடைபட்டிருந்தார். படகைப் பற்றி இவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. என்னைக் கேட்டால் படத்தின் பின்பாதி முழுக்க அந்த விசாரணை அறையில்தான் நடக்கணும். அது இருந்த பழைய ஒய்எம்சிஏ கட்டடம், நம்மாள் செருப்பு விலை கேட்ட டோபி காட் எம்ஆர்டிக்குப் பக்கத்தில்தான் நின்றது.