மீட்டர் நம்முடையது, ரீடிங் யாருடையது?

போன மாதம் எங்கள் அடுக்குமாடியின் மீட்டர் ரூமில் இரண்டு மணி நேரம் நின்றேன். பெங்களூர் வைட்ஃபீல்டில் 140 வீடுகள். வீட்டுக்கு ஒரு ப்ரீபெய்டு மீட்டர். கரண்ட் இருக்கும்போது ஒரு கணக்கு, ஜெனரேட்டர் ஓடும்போது இன்னொரு கணக்கு. மீட்டர் போட்ட பழைய நிறுவனம் கூப்பிட்டால் வருவதில்லை என்று அசோசியேஷனில் வேறு ஆளை அழைத்தோம். வந்தவர் பார்த்துவிட்டு, "இது எங்கள் சாஃப்ட்வேரோடு பேசாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்றார். ஒரு மீட்டர்கூடப் பழுதில்லை. சரி, ஆறு வருட ரீடிங்கையாவது கொடுங்கள் என்று பழையவர்களைக் கேட்டால், மாத பில்களை பிடிஎஃபாக அனுப்பினார்கள்.

எங்கள் எலக்ட்ரீஷியன் ஓசூர்க்காரர். அவர் சொன்னார்: "சார், கரண்ட்டை எல்லா மீட்டரும் ஒரே மாதிரிதான் எண்ணுது. எண்ணினதைச் சொல்ற பாஷைதான் ஆளுக்கு ஒண்ணா இருக்கு."

பொது பாஷை இல்லாமல் இல்லை. டிஎல்எம்எஸ் என்கிற உலகத் தரம் இருக்கிறது. அதை நம் நாட்டுக்கு ஏற்ப வகுத்த ஐஎஸ் 15959 என்ற இந்தியத் தரம் 2011-லேயே வந்துவிட்டது. அதன்படி மீட்டருக்குள் ஒவ்வொரு அளவுக்கும் மாறாத முகவரி உண்டு. இதுவரை நாம் எடுத்த மொத்த யூனிட் 1.0.1.8.0.255-ல் இருக்கும். சோலார் வைத்து வெளியே அனுப்பியது 1.0.2.8.0.255-ல் இருக்கும். மீட்டரை யார் செய்திருந்தாலும் இதே முகவரிதான். இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் வாங்கும்போது இதைக் கேட்கவே இல்லையே என்று வருத்தமும் வந்தது.

ஆனால் தரம் மட்டும் போதாது. மீட்டரின் பாஸ்வேர்டும், தகவலைப் பூட்டித் திறக்கும் என்கிரிப்ஷன் சாவியும் விற்றவர் கையிலேயே இருந்தால், பாஷை தெரிந்தும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

இது எங்கள் குடியிருப்போடு முடிகிற விஷயம் இல்லை. ஸ்மார்ட் மீட்டரைத் தினம் ஒரு முறையாவது தொலைவிலிருந்து படிக்க வேண்டும், அந்தத் தகவலை நுகர்வோருக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதித் திருத்தம் சொல்கிறது. பகல் வெயில் நேரத்தில் குறைந்த கட்டணம், உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. அப்படியானால் எந்த மணிக்கு எவ்வளவு செலவழித்தேன் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா? செயலியில் ஒரு பார் சார்ட் காட்டுவதைத் தகவல் தருவதாக என்னால் ஏற்க முடியாது. அதை வைத்து மாடிக்கு எத்தனை கிலோவாட் சோலார் போடலாம் என்று கணக்குப் போட முடியாது.

அமெரிக்காவில் 2012-லேயே 'கிரீன் பட்டன்' வந்தது. மின் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் பயன்பாடு முழுவதும் பொதுவான ஒரே வடிவத்தில் இறங்கும். அதை யாரிடமும் கொடுத்து ஆலோசனை கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. பணம் அனுப்ப எல்லா வங்கிக்கும் ஒரே யுபிஐ என்று செய்து காட்டிய நாடு நம்முடையது. இதையும் செய்ய முடியும்.

புது டெண்டரில் மூன்று வரி சேர்த்திருக்கிறேன்: ஐஎஸ் 15959 மீட்டர், சாவிகள் அசோசியேஷன் கையில், அரைமணிக்கு ஒரு ரீடிங் வீதம் மாதாமாதம் எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. பெங்களூரில் வேறு அசோசியேஷன்களில் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், வாசகத்தை அப்படியே அனுப்புகிறேன்.