"பயப்படாதே" என்று சொல்வதால் ஆவது என்ன?

குத்துச்சண்டை கற்கத் தொடங்கிய நான்காவது மாதத்தில், "நாளைக்கு நீ ஸ்பாரிங் பண்ற" என்று மாஸ்டர் சொன்ன இரவில் நான் உறங்கவில்லை. ஸ்பாரிங் என்றால், எதிரே ஒருவரை நிறுத்தி உண்மையாகவே குத்திக்கொள்ளும் பயிற்சி ஆட்டம். காலையில் அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை கழிப்பறைக்குச் சென்றேன். கையில் துணிப்பட்டையைச் சுற்றும்போது விரல்கள் ஜில்லிட்டிருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பயப்படாதே." அது எந்த வகையிலும் உதவவில்லை, பயப்படுகிறோமே என்ற வெட்கத்தைத்தான் கூடுதலாகச் சேர்த்தது.

உடலின் கணக்கு எளிமையானது. ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் விரல் நுனிகளையும் வயிற்றையும் விட்டுப் பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது, இதயம் விரைகிறது. இதை "வேண்டாம்" என்று கட்டளையிட்டு நிறுத்த முடியாது. பின்னாளில் உலகச் சாம்பியனான மைக் டைசன், 1982இல் ஜூனியர் ஒலிம்பிக்ஸ் போட்டியின்போது அரங்குக்கு வெளியே பயிற்சியாளரின் தோளில் சாய்ந்து அழுத காட்சி படமாகவே பதிவாகியிருக்கிறது. அவருக்கே அப்படியென்றால், மாதச் சந்தா கட்டிப் பழகும் அலுவலக ஊழியனான எனக்கு வயிறு கலங்குவதில் வியப்பென்ன?

பஞ்சிங் பேக்கில் ஆறு ரவுண்டு சளைக்காமல் குத்துகிறவன், அன்று ஒரு நிமிடத்துக்குள் கை தூக்க முடியாமல் நின்றேன். அடி வாங்கியதால் வந்த களைப்பு அல்ல அது. மூச்சை அடக்கிக்கொண்டு, கிளவுஸுக்குள் விரல்களை இறுக்கிக்கொண்டு, தோள்களைக் காதுவரை உயர்த்தி வைத்திருந்ததால் வந்த களைப்பு. ஆகவே இப்போது நான் பயத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை, மூச்சை மட்டும் கவனிக்கிறேன்: நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுகிறேன், ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் சீறுகிறேன். எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் நிழல் குத்துச்சண்டையை வியர்க்கும்வரை செய்யாமல் ரிங்குக்குள் ஏறுவதில்லை. "இன்று ஜாப் (முன்னால் நீட்டி நிற்கும் கையின் நேர்க்குத்து) அடித்த கையை உடனே கன்னத்துக்குத் திருப்ப வேண்டும்" என்பதுபோல் ஒரே ஒரு வேலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஸ்பாரிங்கில் வெல்ல வேண்டும் என்று நினைத்த நாள்களில்தான் நான் மிக மோசமாக ஆடியிருக்கிறேன்.

ஆனால் புதியவரின் பதற்றத்தில் பாதிப் பொறுப்பு பயிற்றுவிப்பவருடையது என்பதே என் உறுதியான கருத்து. அன்று என்னை, பல ஆண்டுகளாகப் போட்டிகளில் ஆடும் ஒருவருடன், "பயம் தெளியட்டும்" என்று இறக்கிவிட்டார்கள். மூக்கில் ரத்தம் வந்தது, பயம் தெளியவில்லை, அதற்குப் பிறகு பல வாரங்கள், கை நீண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்தான் மிஞ்சியது. கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள்கூட முதலில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தானே இறக்கினார்கள்! தலைக்கு மாட்டும் ஹெட்கார்டு இருக்கிறதே என்பார்கள். அது வெட்டுக் காயத்தைக் குறைக்குமே தவிர, தலை குலுங்கும்போது மூளைக்கு நேரும் அதிர்ச்சியைத் தடுத்துவிடாது.

என்னை மீட்டது வேறொரு முறை. முதல் வாரம் ஒருவர் ஜாப் மட்டும் அடிக்க, மற்றவர் தடுக்க மட்டுமே செய்ய வேண்டும். பிறகு இருவருக்கும் ஜாப் மட்டும். பிறகு உடம்பில் மட்டும் குத்து. அதன் பிறகே, 16 அவுன்ஸ் கிளவுஸுடன், பாதி வேகத்தில் முழு ஸ்பாரிங். இப்படி அளவாகப் பழகியபோது, எதிரே வரும் கை வெறும் கையாகத் தெரியத் தொடங்கியது.

போட்டியின் கதை வேறு. மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று ரவுண்டுகளைவிட, காலையில் எடை பார்த்த பிறகு நம் பெயரை அழைக்கும்வரை காத்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது. எதிராளி, தன் பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடில் குத்திப் பழகுவதை எட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் பயங்கரமாகத்தான் அடிப்பார்கள்.

ஸ்பாரிங்கில் மணி அடிப்பதற்கு முன் எதிரே நிற்பவரிடம், "அண்ணா, எனக்கு இன்னும் பழகவில்லை, கொஞ்சம் மெதுவாக" என்று சொல்வதை நம் ஆண்கள் மானக்கேடாக நினைக்கிறார்கள். நான் கூச்சத்தோடு ஒருமுறை சொன்னேன். அவர் தலையசைத்து வேகத்தைக் குறைத்தார். ரவுண்டு முடிந்ததும், என் வலது கை எப்போதெல்லாம் கீழே இறங்குகிறது என்று பொறுமையாகச் செய்து காட்டினார்.