உரிமம் யார் பெயரில் இருக்கிறது?

நேற்று இரவு சித்தப்பா மகள் போன் செய்தாள். வீடு கட்டப் போகிறாள். காண்டிராக்டர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளின் தலைப்பிலேயே ஒரு பதிவு எண் அச்சாகி இருக்கிறதாம். "பதிவு இருக்கு அண்ணா, அது போதும்தானே?" என்று கேட்டாள். போதாது என்றேன். ஏன் போதாது என்பதைப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டு, அதற்கான விலையை நான் கொடுத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டினோம். வந்த காண்டிராக்டர் முதல் நாளே ஒரு சான்றிதழை நீட்டினார். முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் இருந்தன. "நாங்க பதிவு பெற்ற நிறுவனம் சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். குளியலறையைப் புழங்க ஆரம்பித்த மூன்றாம் மாதம் கீழ் அறையின் கூரையில் ஈரம் படர்ந்தது. வேறு ஒருவரை வரவழைத்துத் தரை ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சே இல்லை. கட்டியவர் போனை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சான்றிதழின் நகலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அது வரித்துறையில் பதிவு செய்ததற்கான சான்று. அவருக்குக் கட்டடம் கட்டத் தெரியும் என்று அதில் யாரும் எங்கும் சொல்லவில்லை.

பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். வரிக்காக ஒரு பதிவு, நிறுவனமாக ஒரு பதிவு, இத்தனை பேருக்கு மேல் ஆள் வைத்தால் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஒரு பதிவு, அரசு டெண்டரில் கலந்துகொள்ள இன்னொரு பதிவு என்று ஒரே காண்டிராக்டரிடம் நான்கு எண்கள் இருக்கலாம். நான்கும் உண்மையானவையாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டைக் கட்டும் தகுதி அவருக்கு உண்டு என்று அந்த நான்கில் ஒன்றுகூடச் சொல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

சிங்கப்பூர் இதைத் தெளிவாகவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அரசு வேலைகளுக்கு டெண்டர் போட விரும்பும் காண்டிராக்டர்களுக்கு ஒரு பதிவு முறை. கட்டும் வேலையைச் செய்பவருக்குக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2009 முதல் தனியாக ஓர் உரிமம். அதில் பொதுக் கட்டடக்காரர் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று உண்டு. இரண்டாம் வகுப்புக்காரர் 60 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான வேலைகளைத்தான் எடுக்கலாம்.

சொல்லை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். மலேசியாவில் பதிவு என்பதே உரிமத்தின் வேலையைச் செய்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதியாமல் அங்கே ஒப்பந்த வேலை எடுக்க முடியாது. ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்கள். எடுக்கும் வேலையின் மதிப்புக்கு உச்சவரம்பு இல்லாதது ஜி7-க்கு மட்டும்தான். அமெரிக்காவின் புளோரிடாவிலோ, சான்று பெற்ற காண்டிராக்டர் மாநிலம் முழுவதும் வேலை செய்யலாம். பதிவு பெற்றவர், தன்னை அங்கீகரித்த உள்ளூர் எல்லைக்குள் மட்டும்தான். டெக்சாஸில் பொதுக் கட்டடக் காண்டிராக்டருக்கு மாநில அளவில் உரிமமே கிடையாது. பிரிட்டனில் எரிவாயு இணைப்பு வேலை செய்பவர் அதற்கான பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும், ஆனால் வீட்டையே கட்டித் தருபவருக்குப் பொதுவான உரிமம் எதுவும் இல்லை. இந்தியாவிலும் அப்படித்தான். மின் இணைப்பு வேலைக்கு உரிமம் பெற்ற மின் காண்டிராக்டர் வேண்டும் என்று விதி இருக்கிறது. தனியார் வீட்டின் தூண்களை எழுப்புபவரிடம் அப்படி ஓர் உரிமம் கேட்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. 2016-இல் வந்த ரெரா சட்டம் மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்கும் திட்டங்களுக்கானது. உங்கள் சொந்த மனையில் கூலிக்கோ மொத்த ஒப்பந்தத்துக்கோ கட்டித் தருபவர் அதற்குள் வரமாட்டார். ரெரா எண்ணைக் காட்டி யாராவது உங்கள் வீட்டு வேலையைப் பேச வந்தால், அது எந்தத் திட்டத்துக்கான எண் என்று கேளுங்கள்.

சரி, உரிமம் இருக்கும் இடங்களில் அது என்னதான் சொல்கிறது? எனக்குப் பிடித்த பதில், அது ஒரு மனிதரைக் காட்டுகிறது என்பதுதான். நிறுவனம் தேர்வு எழுத முடியாது. ஒரு நிறுவனம் நான்கு வருடம் சாரத்தில் ஏறி நின்று அனுபவம் பெறவும் முடியாது. ஆகவே நல்ல உரிம முறை எதுவானாலும் "இந்த நிறுவனத்தில் வேலை தெரிந்த ஆள் யார்?" என்று பெயரோடு கேட்கும்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே காண்டிராக்டர் உரிம வாரியம் 1929-லேயே தொடங்கிவிட்டது. பொதுக் கட்டடக் காண்டிராக்டருக்கான உரிமத்தை 'பி' வகுப்பு என்பார்கள். தச்சு வேலையும் வீட்டின் சட்டகத்தை எழுப்பும் வேலையும் நீங்கலாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறைந்தது இரண்டு தொழில்கள் சேரும் வேலைதான் 'பொது' வேலை. பிளம்பிங்கையும் மின்வேலையையும் பூச்சு வேலையையும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்ய வைப்பதே அவருடைய தொழில். அந்த உரிமத்துக்குத் தகுதியாளர் என்று ஒருவர் வேண்டும். கடந்த 10 வருடத்துக்குள் 4 வருடம் தேர்ந்த கைவினைஞராகவோ மேற்பார்வையாளராகவோ வேலை பார்த்திருக்க வேண்டும். பொதுவாகத் தொழில் தேர்வு ஒன்று, சட்டமும் வணிகமும் சேர்ந்த தேர்வு ஒன்று எழுத வேண்டும். பட்டப்படிப்பு கட்டாயம் இல்லை.

அந்தத் தகுதியாளர் நிறுவனத்தின் ஊழியராக இருந்தால், வாரத்துக்கு 32 மணி நேரமோ, நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 சதவீதமோ, எது குறைவோ அவ்வளவு நேரம் அங்கே வேலை செய்தாக வேண்டும். மணிக்கணக்கு வரை எழுதி வைத்ததற்குக் காரணம் உண்டு. உரிமத்தை வாடகைக்கு விடுவது இந்தத் தொழிலின் பழைய நோய். பெயர் ஒருவருடையது, சான்றிதழ் சுவரில் தொங்கும், தளத்தில் அவர் கால் பட்டதே இருக்காது. சிங்கப்பூரிலும் இதற்காகவே நிர்வாகத்துக்கு ஒருவர், கட்டும் வேலையை மேற்பார்வையிடத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒருவர் என்று பெயர் சொல்லி நியமிக்கச் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை உரிம எண்ணைவிட இந்தப் பெயர்தான் முக்கியம். தளத்தில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், அதைக் குனிந்து பார்க்க வரப்போகிறவர் யார்? அந்த ஆளை எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் பிணைத்தொகை. கலிபோர்னியாவில் 2023 முதல் உரிமம் பெற்ற ஒவ்வொரு காண்டிராக்டரும் 25,000 டாலருக்கான பிணைப் பத்திரம், அதாவது அவரால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கக்கூடிய உத்தரவாதம், வைத்திருக்க வேண்டும். அதை வீட்டுக்கான காப்பீடு என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காண்டிராக்டரால் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ஒருவர் ஐந்து வீட்டை அரைகுறையாக விட்டுப் போனால் ஐந்து பேரும் அதையேதான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தொழிலாளர் விபத்துக் காப்பீடு தனி, வேலையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு தனி. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அங்கே எனக்குப் பிடித்த இன்னொரு சட்டம்: உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர், கூலி பாக்கி என்று நீதிமன்றம் போக முடியாது. அதுமட்டுமல்ல, கொடுத்த பணம் முழுவதையும் வீட்டுக்காரர் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். கடுமையானதுதான். வேலை செய்தவருக்குக் கூலி இல்லையா என்று முதலில் எனக்கும் உறுத்தியது. ஆனால் ஈரம் படர்ந்த கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த இரவுகளுக்குப் பிறகு, அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்குப் புரிகிறது.

"அனுமதியை நீங்களே எடுத்துடுங்க, சீக்கிரம் முடியும்" என்று காண்டிராக்டர் சொல்வதும் உண்டு. அனுமதி எப்போதும் உரிமையாளர் பெயரிலேயே வரும் இடங்களில் அது இயல்பு. ஆனால் கட்டுபவர் தன் உரிம எண்ணைப் போட்டு அனுமதி வாங்க வேண்டிய இடங்களில் இது அபாயம். உரிமையாளரே கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டால், காகிதத்தின்படி கட்டுபவர் நீங்கள்தான். ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்தால், முதலாளி என்ற பொறுப்பே உங்கள் தலைமேல் வந்து நிற்கலாம். உரிமம் உள்ளவருக்குத் தன் பெயரில் விண்ணப்பிக்க என்ன தயக்கம்? அவர் அப்படிக் கேட்கும் இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

உரிமம் கட்டாயமானால் படிக்காத கொத்தனார்கள், மேஸ்திரிகள் வாழ்க்கை என்னாவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் குளியலறையைச் சரிசெய்து கொடுத்தவர் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மேஸ்திரிதான். தண்ணீரை இரண்டு நாள் தேக்கி வைத்து, கீழே வந்து கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓடு பதித்தார். அவரை வெளியே தள்ளும் உரிமம் எனக்கும் வேண்டாம். பட்டத்தைக் கேட்காமல் அனுபவத்தைக் கேட்கும் முறை வேண்டும், சின்ன வேலைக்குச் சின்ன உரிமம் வேண்டும், தேர்வு அவர் பேசும் மொழியில் இருக்க வேண்டும். மலேசியாவின் ஜி1 தரம் மிகச் சிறிய வேலைகளுக்கானது. சிறியவர் உள்ளே வர அப்படி ஒரு வாசல் இருந்தால், பெரியவருக்குக் கீழே பெயர் தெரியாமல் உழைக்கும் மேஸ்திரி தன் பெயரிலேயே வேலை எடுக்கலாம்.

தங்கைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். எண்ணை அவர் தந்த தாளில் பார்க்காதே, அதை வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டில் நீயே தேடிப் பார். அது எதற்கான எண், இன்னும் நடப்பில் இருக்கிறதா, ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றா, எவ்வளவு பெரிய வேலை வரை செல்லும் என்று பார். ஏதாவது நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் அதையும் படி. உரிமமே இல்லாத இடமென்றால், கட்டமைப்புக்குப் பொறுப்பேற்கும் பொறியாளரின் பெயரையும், எந்தெந்தக் கட்டத்தில் அவர் நேரில் வருவார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. முன்பணத்தை அதற்குப் பிறகு பேசலாம்.

இன்று மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது. அந்த எண் வரிப் பதிவு எண்ணாம். காண்டிராக்டர் ஒரு பொறியாளரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். "அவரை நேர்ல பார்க்கலாமா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். நாளை சொல்கிறேன் என்றாராம்.