கூடையைப் பார்க்கப் போகிறீர்களா, புல் எங்கே வளர்கிறது என்றும் கேளுங்கள்

கைமுடைக் கூடைகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இப்போது நிறைய ஆகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் போய்வந்து போடுகிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: சுருக்கம் விழுந்த விரல்கள், பாதி முடைந்த கூடை, கீழே "அழிந்துவரும் கலை" என்று ஒரு வரி. அந்த வரிமேல்தான் எனக்குக் கோபம். இளைஞர்களுக்கு ஆர்வமில்லை, கற்றுக்கொள்ள ஆளில்லை என்று பழியைத் தூக்கி முடைகிறவர் வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். பல இடங்களில் கைக்குப் பஞ்சமில்லை, முடைவதற்குப் பொருள்தான் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனை ஒட்டிய மவுண்ட் பிளசன்ட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் வயல்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே நெல்லைப் புடைக்க அகலமான தட்டுக்கூடைகள் செய்தார்கள். அவர்கள் வழிவந்த 'கல்லா' (Gullah) என்ற இனத்து மக்கள் இன்றும் 17ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கொட்டகை போட்டு, ஸ்வீட்கிராஸ் என்ற புல்லால் செய்த கூடைகளை விற்கிறார்கள். புல்லைக் கற்றையாகச் சேர்த்துச் சுருள் சுருளாக வளைத்து, பனையினத்தைச் சேர்ந்த பால்மெட்டோ ஓலைக் கீற்றால் தைத்துக்கொண்டே போகிற முறை அது. துளை போடுவதற்குப் பெரும்பாலும் ஒரு தேய்த்த கரண்டிக் காம்பு போதும். 2006இல் இதை மாநிலத்தின் கைவினையாகவே அறிவித்தார்கள். கௌரவம் வந்தது, சரி. புல் வளர்ந்த கடற்கரையோ வீட்டுமனைகளாகவும் வேலி போட்ட குடியிருப்புகளாகவும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் சும்மா போய் அறுத்துவந்த இடத்துக்குள் நுழைய இன்று யாரிடமோ அனுமதி கேட்க வேண்டும், அல்லது தொலைவிலிருந்து அறுத்து வருபவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கொட்டகை முன்னால் நின்று "இவ்வளவு விலையா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வடக்கே மெய்ன் மாநிலத்தில் கதை வேறு. அங்கே வபனாக்கி பழங்குடி மக்கள் பிளாக் ஆஷ் மரத்தில் கூடை முடைகிறார்கள். மரத்தை அறுப்பதில்லை, அடிக்கிறார்கள். வெட்டிய கட்டையைக் கோடரியின் பின்பக்கத்தால் நீளம் முழுக்க அடித்துக்கொண்டே போனால் ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றாக உரிந்து பட்டையாக வரும். அவர்களுடைய கதைப்படி குளூஸ்காப் என்ற பேராளன் இந்த மரத்தில் அம்பு எய்தபோது அதற்குள்ளிருந்துதான் மனிதர்களே வெளியே வந்தார்கள்! அந்த மரத்துக்கு இப்போது எமன் ஒரு பச்சை வண்டு, எமரால்டு ஆஷ் போரர். ஆசியாவிலிருந்து வந்தது, 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2018இல் மெய்னுக்கும் வந்துவிட்டது. இடையில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. அதே சமூகத்திலிருந்து வந்த ஜெரமி ஃப்ரேயின் கூடைகள் பெரிய அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. கலைக்கு என்ன குறை சொல்லுங்கள்? மரத்துக்குத்தான் ஆபத்து. அதனால்தான் அங்கே விதை சேகரிக்கிறார்கள்.

கானாவின் வடக்கே போல்கட்டாங்காவிலும் இதே சங்கதிதான். அங்கே முடைகிற கூடை உலகம் முழுக்கப் போகிறது, அதற்கான புல்லோ பெரும்பாலும் நாட்டின் தென்பகுதியிலிருந்து லாரியில் வருகிறது.

சில நேரம் வண்டும் வேண்டாம், வேலியும் வேண்டாம், சட்டமே போதும். இந்தியாவில் 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரத்தோடு சேர்த்துவிட்டது. தாவரவியல்படி அது புல். ஆனால் சட்டத்தில் மரம் என்பதால், சொந்த நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் கூடப் பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2017இல்தான் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அதிலிருந்து எடுத்தார்கள். தொண்ணூறு வருஷம்! இந்தத் தொண்ணூறு வருஷத்தில் எத்தனை பேர் முடைவதை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துவிட்டு, அப்புறம் "இளைஞர்களுக்கு ஆர்வமில்லை" என்று எழுதுங்கள்.

நேர்மாறான இடமும் உண்டு. இங்கிலாந்தின் சாமர்செட் சமவெளியில் கூடை முடைய வளைந்துகொடுக்கும் குச்சி தருகிற வில்லோ மரத்தைப் பயிராகவே வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் அடியோடு அறுத்துவிட்டால் அடுத்த வருஷம் அதே கட்டையிலிருந்து மறுபடி நீளநீளமாகத் துளிர்க்கும். 1819லிருந்து இதையே செய்துவரும் குடும்ப நிறுவனம்கூட அங்கே இருக்கிறது. எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை, பிளாஸ்டிக் வந்து அவர்களையும் அடித்தது. ஆனால் நாளைக்கு ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தால் அவர் கையில் கொடுக்க ஒரு கட்டு வில்லோ இருக்கும்.

விலை பற்றி ஒன்று. ஈர்க்கும் பிரம்பும் வைத்து அடியிலிருந்து விளிம்புவரை ஒரு முழுக் கூடையை முடைந்து தள்ளும் இயந்திரம் தொழிற்சாலைகளில் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக அடுக்கிவைத்திருக்கும் பிரம்புக்கூடையையும் எங்கோ ஒரு மனிதர்தான் உட்கார்ந்து முடைந்திருக்கிறார். அது ஏன் அவ்வளவு மலிவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, முடைகிறவரிடம் நேரில் வாங்கும் கூடை ஏன் விலை அதிகம் என்பதல்ல. அதிலும் பேரம் பேசுகிறவர்கள் முடைகிற நேரத்தை மட்டும்தான் கணக்குப் போடுகிறார்கள். வெட்டுவது, காயவைப்பது, ஊறவைப்பது, கிழிப்பது, ஒரே தடிமனுக்குச் சீவுவது எல்லாம் கணக்கில் வருவதே இல்லை. முடைவது பெரும்பாலும் கடைசி வேலை.

ஆகவே, போனால் விற்பனைக்கூடத்தோடு நின்றுவிடாதீர்கள். சுற்றுலா வண்டிகள் நிறுத்துகிற சில இடங்களில் படம் எடுப்பதற்கென்றே ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வீண். பொருள் எங்கிருந்து வருகிறது, யார் வெட்டுகிறார்கள், எந்த மாதத்தில் வெட்டுகிறார்கள், நிலம் யாருடையது என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டு போனால் அந்த இடத்தையும் பாருங்கள். முடிந்தால் அறுவடைப் பருவத்திலேயே போங்கள். ஒரு சிக்கல், அந்தப் பருவத்தில் எல்லாரும் வெட்டவும் காயவைக்கவும் போய்விடுவார்கள், கையில் கொண்டுவர முடைந்த கூடை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, சொல்லிவைத்துவிட்டு வாருங்கள், முடைந்ததும் தபாலில் அனுப்புவார்கள்.