அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால்...

போன வாரம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாளில், உசிலம்பட்டியிலிருந்து வாடகைக் கார் பிடித்து மதுரை சுற்றிப் பார்க்கப் போனோம். நான், மனைவி, ஐந்தாவது முடித்திருக்கும் மகள், 74 வயது அம்மா. "கால் வலிக்குதுப்பா, இந்த வெயில்ல நான் எதுக்கு? வீட்டுலயே கெடக்கேன்" என்றார் அம்மா. என் மனைவி விடவில்லை. நீர்மோர் கேனைக் கையில் கொடுத்து, முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியது. மகள் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே ஓடினாள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, கறுப்பு சிவப்புப் பானை, உறைகிணறு. பானை ஓட்டில் பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருந்த 'ஆதன்' என்ற பெயரை நான் காட்டினேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

அம்மா பின்னால் மெதுவாக வந்தவர், வட்டச் சில்லுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். "ஏத்தா, இங்க வா. இது ஓட்டாஞ்சில்லுடி!"

கட்டம் போட்டு நொண்டி விளையாடுகிற சில்லு. பானை உடைந்தால் அழமாட்டோம், நல்ல ஓடாகப் பொறுக்கி வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தார். ஓரத்தைப் பல்லால் கடிப்பதுபோலக் கல்லால் கொத்திக் கொத்தி வட்டமாக்கி, அப்புறம் படிக்கல்லில் தண்ணீர் விட்டு உரச வேண்டுமாம். "கருக்கு இருந்தா நொண்டி அடிக்கையில பாதத்தக் கிழிச்சுரும். ரொம்ப மெலிசா இருந்தா வீசுற கட்டத்துல நிக்காது, ஓடிரும்." அந்தப் பெட்டியிலேயே எது விளையாட லாயக்கு, எது லாயக்கில்லை என்று விரலால் சுட்டிக் காட்டினார். கீழடியில் இப்படிச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள்: "அப்பத்தா, அந்தக் காலத்துலயும் கோட்டை மிதிச்சா அவுட்டா?"

2014-இல் மத்திய தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பித்ததிலிருந்து கீழடி பற்றி வரும் செய்தியெல்லாம் வாசிக்கிறவன் நான். ஆண்டுக்கணக்கை என்னால் சொல்ல முடியும். கருக்கு காலைக் கிழிக்கும் என்று சொல்ல என் அம்மாவால்தான் முடியும். தக்களியைப் பார்த்தும் பஞ்சு, நூல் என்று இன்னொரு கால் மணி நேரம் பேசினார்.

அதனால்தான் இந்தப் பதிவு. இந்த மாதிரி இடங்களுக்குப் போகும்போது பெரியவர்களை "உங்களுக்கு முடியாது" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் காரிலேயே உட்கார வைக்கிறோம். இதற்கு முன்னால் வேறொரு ஊர் அருங்காட்சியகத்தில் நானும் அதைத்தான் செய்தேன். உள்ளே உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. இரண்டு அறை தாண்டியதும் அம்மா வாசலுக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். இப்போது நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அங்கே என்னென்ன சொல்லியிருப்பாரோ!

கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருகிற சனம் நாம். பெரிய பொருளைப் பார்த்த பிறகு உட்காரத்தான் தோன்றும். நாலு அறைக்கு ஒரு பெஞ்சு, பக்கத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய். இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? இன்னொன்றும் கேட்கிறேன். கத்திரி நாளில் மட்டுமாவது இந்த இடங்களைக் காலை ஏழு மணிக்கே திறந்து, உச்சி வெயிலில் மூடி, ராத்திரி எட்டு வரைக்கும் வைக்கக் கூடாதா? கீரைக்காரர் முதல் கொத்தனார் வரை இந்த மாதத்தில் வேலை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

மதியம் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டிய அரண்மனையில் பெரும்பகுதி போய்விட்டது, பேரன் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். மிச்சத்தில்கூட அந்தத் தூண்களின் நிழலில் நின்றால் வெளியே அடிக்கும் அனல் தெரியவில்லை. அம்மா தூணில் முதுகைச் சாய்த்து அரை மணி நேரம் கண் மூடினார். தூணெல்லாம் பேர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். மகள் அதைத் தடவிப் பார்த்து "ஏம்ப்பா இப்படி?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியாகக் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை, 1959-இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் முழு உடையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில்தான் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளும் கழற்றினாள்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம் பாக்கி. இருட்டிவிட்டது, அம்மாவுக்கும் கால் வீங்கிவிட்டது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "வெயில் தணியட்டும், ஆவணியில அந்த மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறியாப்பா?"