அப்பா கணினிக்கு எதுக்கு இத்தனை பூட்டு?

காலையிலேயே போன். "தம்பி, கம்ப்யூட்டரைத் திறந்தா இன்னும் நம்பர் கேக்குதுப்பா."

கேட்காமல் இருக்குமா? அப்பா இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், 11-ஆவது மாடி. கீழே காவலாளி, லிஃப்டுக்கு அட்டை, வாசலில் கிரில், கிரிலுக்கு ஒரு பெரிய பூட்டு. இத்தனையும் தாண்டி ஒரு திருடன் வந்து அப்பாவின் சாலிடேர் ஆட்டத்தைக் கலைத்துவிடுவான் என்று எவனோ எங்கேயோ உட்கார்ந்து பயந்திருக்கிறான்.

திறந்தவுடன் நேராக உள்ளே போகணும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-இல் அதற்கு வழி உண்டு. செட்டிங்ஸில் தேடினால் மட்டும் கிடைக்காது. 'நெட்பிஎல்விஸ்' என்று, பல் செட் கழன்றவர் பேசுவது போல ஒரு பெயரைத் தட்டி அழைக்கணும். வரும் பெட்டியில் 'பயனர் கடவுச்சொல் தர வேண்டும்' என்ற வரிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்தால் முடிந்தது. சரி, எடுக்கலாம் என்று அப்பா வீட்டுக்கே போய் உட்கார்ந்தால் அந்த வரியையே காணோம்!

ஒளித்து வைத்திருக்கிறார்கள். 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'பாதுகாப்புக்காக விண்டோஸ் ஹலோ மட்டும்' என்று ஒரு சுவிட்ச். ஹலோ என்றால் முகம், விரல்ரேகை, பின் நம்பர் இதையெல்லாம் காட்டி உள்ளே போவது. அதை அணைத்துவிட்டு வந்தால்தான் இங்கே வரி தலைகாட்டும்.

தலைகாட்டியது. டிக்கை எடுத்து ஓகே அழுத்தினேன். "கடவுச்சொல்லைக் கொடு" என்கிறது. கடவுச்சொல் வேண்டாம் என்று சொல்லக் கடவுச்சொல்! தினமும் போடும் பின் நம்பர் செல்லாதாம், மைக்ரோசாஃப்ட் கணக்கின் அசல் கடவுச்சொல்தான் வேண்டுமாம். அது யாருக்குத் தெரியும்? வாங்கின கடையில் ஒரு பையன் அப்பா பெயரில் கணக்கைத் திறந்து, பின் நம்பரை மட்டும் பெட்டி மேல் மார்க்கரில் எழுதிக் கொடுத்தான். கடவுச்சொல்லைத் தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டான், மகராசன்.

"அம்மா பேரும் என் பொறந்த வருஷமும்தான், போடு" என்றார் அப்பா, என்னவோ பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி. போட்டேன். பெட்டி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. சரியா தப்பா என்று அது அங்கே பார்ப்பதே இல்லை! அணைத்துத் திறந்த பிறகு சாவகாசமாக, 'தவறான கடவுச்சொல்'.

மறந்துவிட்டது என்று அழுத்தினால் கைப்பேசிக்குக் குறியீடு அனுப்புவார்களாம். எந்தக் கைப்பேசிக்கு? கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டுகிறது. அப்படி முடியும் நம்பர் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அந்தப் பையனுடையதுதான். கடைக்கு அடித்தால், அவன் வேலையை விட்டு நின்றுவிட்டானாம்.

புதுசாக, இந்தக் கணினிக்குள்ளேயே அடங்கும் லோக்கல் கணக்கு திறந்து கடவுச்சொல்லைக் காலியாக விடலாம், தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டாம். அப்பா சேர்த்து வைத்த படங்களும் பக்கங்களும் பழைய கணக்கில் கிடக்கே, அதை யார் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது?

"விடுப்பா, போன்லயே பேப்பர் படிச்சிக்கிறேன்" என்று அப்பா கைப்பேசியை நீட்டினார். பூட்டே இல்லை. தொட்டால் திறக்கிறது. வங்கி ஆப் முதல் பக்கத்தில் பளபளக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதுக்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

கீழே வந்தால் என் காருக்குப் பின்னால் எவனோ வண்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடியில் போன் நம்பர் கிடையாது. ஹேண்ட்பிரேக்கையாவது எடுத்துவிட்டுப் போயிருந்தால் தள்ளித் தொலைத்திருக்கலாம்!